டிக்... டிக்... திருவொற்றியூர்!

திருவொற்றியூரில் ஒருவர் சத்தத்தைப் பற்றிப் புகார் சொன்னால், அவர் ஊருக்குப் புதுசு என்று அர்த்தம். நான் இங்கேயே பிறந்து, இங்கேயே வளர்ந்து, பி.காம். முடித்து, கல்யாணமும் பண்ணிக்கொண்டு இன்னும் இங்கேயேதான் இருக்கிறேன். முப்பத்தாறு வருஷத்தில் என்னைப் பார்த்து ‘தம்பி, கொஞ்சம் சத்தம் போடாம இரு’ என்று யாரும் சொன்னதில்லை. போன வருஷம் ஒருத்தர் சொல்லிவிட்டார். அதுவும் யார்? நாற்பதடி டிரெய்லர் ஓட்டுகிறவர்!

என்ன சத்தம் என்கிறீர்களா? என் கம்ப்யூட்டர் கீபோர்டு சத்தம்.

சிரிக்காதீர்கள். முதலில் எங்கள் ஊரை ஒரு சுற்று காட்டிவிடுகிறேன். அப்புறம் இன்னும் நன்றாகச் சிரிக்கலாம்.

ராயபுரத்திலிருந்து ஆரம்பிப்போம். 1856 ஜூலை 1-ம் தேதி தென்னிந்தியாவின் முதல் பாசஞ்சர் ரயில் வாலாஜா ரோடுக்குக் கிளம்பியது இந்த ராயபுரம் ஸ்டேஷனிலிருந்துதான். அன்றைக்கு ஆரம்பித்த சத்தம் வடசென்னையில் இன்னும் ஓயவில்லை. பக்கத்திலேயே காசிமேடு. விடியற்காலை மீன் ஏலத்தை ஒரு தடவை கேட்டுப் பாருங்கள், சட்டசபையே பஜனை மடம் மாதிரி தோன்றும். அங்கிருந்து கடலை வலது பக்கம் வைத்துக்கொண்டு எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் வடக்கே வந்தால் டிரெய்லர், டிரெய்லர், டிரெய்லர். சென்னைத் துறைமுகத்தில் 1983 டிசம்பரில் கன்டெய்னர் டெர்மினல் திறந்தார்கள். இந்தியாவிலேயே அதுதான் முதலாவது. அதிலிருந்து இருபதடிப் பெட்டியும் நாற்பதடிப் பெட்டியும் இந்த ரோட்டின் நிரந்தரக் குடிமக்கள். வெளியூர்க்காரர்களுக்கு ஒரு விஷயம் தெரியாது. லோடு ஏற்றிய டிரெய்லர் முக்கி முனகிக்கொண்டு போகும், அவ்வளவுதான். காலி டிரெய்லர் பள்ளத்தில் இறங்கி ஏறும்போதுதான் ஊரையே எழுப்பும். (எழுத்தாளர்களிலும் இப்படி உண்டு. பெயர் சொல்ல மாட்டேன்.)

டோல்கேட் தாண்டினால் காலடிப்பேட்டை. ஆதிசங்கரரின் காலடியாக்கும் என்று கன்னத்தில் போட்டுக்கொள்ள வேண்டாம். 1717-லிருந்து 1720 வரை சென்னையில் கிழக்கிந்தியக் கம்பெனி கவர்னராக இருந்த ஜோசப் காலெட் பெயரில் நெசவாளர்களுக்காக உண்டான காலெட்பேட்டை அது. அந்தக் காலத்தில் அங்கே தறிச் சத்தம். அப்புறம் தேரடி, தியாகராஜ சுவாமி, வடிவுடையம்மன். கடலோரமாகப் பட்டினத்தார் சமாதி. எல்லாவற்றையும் துறந்தவர் நிம்மதி தேடி வந்து சேர்ந்த இடம் எங்கள் ஊர்! அப்போது லாரி கிடையாது என்பது வேறு விஷயம்.

இந்தியாவில் புல்லட் மோட்டார் சைக்கிள் பிறந்ததும் இங்கேதான், 1950-களில். அந்த ‘டுப் டுப்’ சத்தத்துக்காகவே வண்டி வாங்கினவர்கள் எத்தனை பேர்! பழைய வார்ப்பிரும்பு இன்ஜின் போய் புது இன்ஜின் வந்தபோது, ‘பழைய சத்தம் இல்லையே’ என்று துக்கம் கொண்டாடினார்கள். சத்தம் குறைந்ததைக் குறையாகச் சொன்ன வம்சம் சார் அது. இன்னும் வடக்கே போனால் தீப்பெட்டிக் கம்பெனியின் பெயரை ஸ்டேஷனுக்கே வாங்கிக்கொண்ட விம்கோ நகர், எர்ணாவூர், கத்திவாக்கம், எண்ணூர். போதும், திரும்பிவிடலாம்.

இப்படிப்பட்ட ஊரில் தேரடிக்குப் பின்னால் ஒரு சந்து. சந்தில் நாலு போர்ஷன் வீடு. இரண்டாவது போர்ஷன் நான், மூன்றாவது போர்ஷன் டிரெய்லர் அண்ணன். நடுவில் ஒரு சுவர். ஹவுஸ் ஓனர் அம்மா அதை ‘ஒம்பது இஞ்ச் செவுரு’ என்பார். ஒருநாள் அளந்து பார்த்தேன். பூச்சு உள்பட ஐந்தரை.

பகலில் மூன்று கடைகளுக்குக் கணக்கு எழுதி ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் போடுகிறேன். அது சோறு. ராத்திரி பத்து மணிக்கு மேல் பத்திரிகைகளுக்கு எழுதுகிறேன். அது ஊறுகாய். ஊறுகாய் போடுகிற ஜாடிதான் கீபோர்டு.

பாங்கிலோ கோர்ட்டிலோ டி.டி.பி. சென்டரிலோ வேலை பார்த்தவர்களுக்கு டி.வி.எஸ். கோல்டு கீபோர்டைத் தெரியாமல் இருக்காது. நம்ம சென்னைக் கம்பெனி. உள்ளே செர்ரி என்ற ஜெர்மன் கம்பெனியின் நீல ஸ்விட்ச். ஒவ்வொரு எழுத்துக்கும் தனித்தனி ஸ்விட்ச், ஒவ்வொரு அழுத்தலுக்கும் ஒரு ‘டிக்’. பத்துப் பேர் சேர்ந்து அடித்தால் தகரக் கொட்டகையில் ஆலங்கட்டி மழைதான். துறைமுகத்தை நம்பிப் பிழைக்கிற கிளியரிங் ஏஜென்ட் ஆபீஸ்களில் அந்தச் சத்தம்தான் வேலை நடப்பதற்கு அத்தாட்சி. சத்தம் நின்றால் முதலாளி கண்ணாடிக்கு மேலே எட்டிப் பார்ப்பார். டிகிரி முடித்த கையோடு இரண்டு வருஷம் மண்ணடியில் அப்படி ஒரு ஆபீசில் ஷிப்பிங் பில் அடித்தவன் நான். விரலுக்கு அந்த ருசி பிடித்துவிட்டது. இப்போது வீட்டில் இருப்பது வேறு கம்பெனி கீபோர்டு. ஆனால் அதே நீல ஜாதி.

போதாக்குறைக்கு நான் டைப்ரைட்டிங் படித்தவன். பிளஸ் டூ லீவில் அப்பா சேர்த்துவிட்டார். லோயருக்கு நிமிஷத்துக்கு 30 வார்த்தை, ஹையருக்கு 45. நாலு கார்பன் பேப்பருக்கு அடியிலும் எழுத்து விழ வேண்டும் என்று இன்ஸ்டிடியூட் சார் விரலில் ஸ்கேலால் தட்டிச் சொல்லிக் கொடுத்த அடி அது. மிஷின் போய் கம்ப்யூட்டர் வந்துவிட்டது. அடி மாறவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தண்ணீர் பிடிக்கிற இடத்தில் அண்ணன் மெதுவாக ஆரம்பித்தார்.

“தம்பி, ஒண்ணு சொன்னா தப்பா நெனச்சுக்க மாட்டியே?”

“சொல்லுங்கண்ணே.”

“ராவுல இன்னா வேலை பண்றே? செவுத்துக்கு அந்தாண்ட மரங்கொத்தி கொத்துற மாதிரியே கீதே?”

பத்திரிகைக்கு எழுதுகிறேன் என்று சொன்னேன். கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்தியேதான் சொன்னேன்.

“எழுதறதுன்னா பேனாவுல எழுதக் கூடாதா?”

நிமிர்ந்த நெஞ்சு தானாக இறங்கியது. “ஏண்ணே, ரோட்டுல ராத்திரி பூரா டிரெய்லர் போவுது. அதுல தூங்கறீங்களே?”

“அது ஒரே சீரா போவுது தம்பி. உன்னுது அப்படி இல்ல. டிக்டிக்டிக்னு அடிக்கிறே. அப்பால நிறுத்திடறே. சரி, முடிச்சிட்டான்டானு கண்ண மூடறேன். ஒரே ஒரு டிக் வருது. அடுத்தது எப்ப வரும்னு காதைத் தீட்டிக்கினு பட்த்துக்கினு கீறேன். நேத்து பன்னண்டு மணிக்கு மேல ரொம்ப நேரம் சத்தமே காணோம். இன்னாமோ மாட்டிக்கினான் போலன்னு எனக்கே கவலையாப் போச்சு.”

நேற்று பன்னிரண்டு மணிக்கு நான் இரண்டாவது பாராவில் மாட்டிக்கொண்டது நிஜம். என் எழுத்தை இவ்வளவு கூர்ந்து கவனித்த வாசகர் அதுவரை எனக்குக் கிடைத்ததில்லை! சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். குடத்தைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டபடியே சொன்னார்:

“ரெண்டரைக்கு எழுந்து வண்டி எடுக்கணும் தம்பி. செவ்வாக்கெழமை எர்ணாவூர் பாலத்து மேல ஒரு செகண்டு கண்ணு அசந்துட்ச்சு. பின்னாடி நாப்பதடி பொட்டி. கிளீனர் பையன் தோள்ல தட்டினான்.”

அவ்வளவுதான். போய்விட்டார். எனக்குச் சிரிப்பு போன இடம் தெரியவில்லை. அந்தப் பாலத்தில் அதிகாலையில் யார் யார் போவார்கள் என்று எனக்குத் தெரியும். ஷிப்ட் முடிந்து சைக்கிளில் வருகிறவர்கள், காசிமேட்டுக்குக் கூடையோடு ஷேர் ஆட்டோவில் போகிற பெண்கள், பால் வண்டிப் பையன்கள்.

அன்று ராத்திரி ஒரு எழுத்தும் அடிக்கவில்லை. மூன்று மணி நேரம் பேனாவில் எழுதினேன். காலையில் என் கையெழுத்து எனக்கே புரியவில்லை.

அண்ணன் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. தூங்கினாலும் காது மூடிக்கொள்வதில்லை. ஆனால் ஒரே மாதிரி வருகிற சத்தத்தை மூளை பழகித் தள்ளிவிடுகிறது. டிரெய்லர் தூரத்தில் புறப்பட்டு, மெல்ல வளர்ந்து, மெல்லத் தேய்ந்து போகும். கடல் அலையும் அப்படித்தான். ‘டிக்’ அப்படியில்லை. கூர்மையாகத் திடீரென்று வரும், எப்போது வரும் என்று கணக்கும் கிடையாது. மத்திய அரசின் 2000-ம் வருஷத்து ஒலி மாசு விதிகளில், குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், ராத்திரி பத்திலிருந்து காலை ஆறு வரை 45 என்று எல்லை போட்டிருக்கிறார்கள். தொழிற்பேட்டைக்கு 75, 70. ஒரு பக்கம் தேர் நிற்கிறது, மறுபக்கம் டிரெய்லர் நிற்கிறது, எங்கள் சந்து இதில் எந்தப் பட்டியலோ! எந்தப் பட்டியலானாலும், பக்கத்து வீட்டு டிரைவரின் தலைமாட்டில் தட்டக் கூடாது என்று தனியாகச் சட்டம் போட வேண்டியதில்லை அல்லவா?

கணக்குப் பிள்ளை புத்தி சும்மா இருக்குமா? ஆயிரம் வார்த்தைக் கட்டுரைக்கு எட்டாயிரம் தட்டல். அடித்துத் திருத்துவதையும் சேர்த்தால் ஒரு ராத்திரிக்குப் பத்தாயிரம் ‘டிக்’. அத்தனையும் ஐந்தரை இஞ்ச் சுவர் வழியாக ஒரு மனிதனின் காதுக்கு.

முதல் வைத்தியம் இலவசம். மேஜை சுவரோடு ஒட்டிக் கிடந்தது. காற்றில் போகிற சத்தம் ஒரு பக்கம் இருக்க, மேஜையின் அதிர்வு நேராகச் சுவருக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. நாலு விரல்கடை இழுத்துப் போட்டேன். கீபோர்டுக்கு அடியில் ஒரு ரப்பர் பாய் விரித்தேன். “இப்ப எப்படிண்ணே?” “மரங்கொத்தி அடுத்த மரத்துக்குப் போயிட்ச்சு” என்றார். அவ்வளவுதான் முன்னேற்றம்.

அடுத்து ஒவ்வொரு கட்டைக்கு அடியிலும் மாட்டுகிற குட்டி ரப்பர் வளையம். கட்டை கீழே போய் இடிக்கிற ‘தட்’டை அது கொஞ்சம் குறைக்கும். ‘டிக்’கைத் தொடாது. ஏனென்றால் ‘டிக்’ பிறக்கிற இடமே வேறு. நீல ஸ்விட்சின் நடுத்தண்டு இரண்டு துண்டாக இருக்கும். அழுத்தும்போது உள்ளே இருக்கிற வெள்ளைத் துண்டு ஒரு மேட்டில் தடுக்கி நின்று, சட்டென்று வழுக்கிக் கீழே குதிக்கும். அந்தக் குதிப்புதான் சத்தம். தெரியாத்தனமாக வருவதல்ல, வேண்டுமென்றே வைத்தது. எழுத்து பதிந்துவிட்டது என்று விரலுக்கும் காதுக்கும் ரசீது கொடுக்கிற ஏற்பாடு. ரசீது வேண்டாம் என்றால் ஸ்விட்சையே மாற்ற வேண்டும்.

“நானூத்தம்பது ரூபாய்க்கு ரப்பர் கீபோர்டு கிடைக்குது. எதுக்கு இந்த ஆராய்ச்சி?” என்றாள் என் மனைவி. நியாயமான கேள்வி. வாங்கினேன். சத்தம் இல்லை. ஆனால் ஈர அப்பளத்தில் விரலை அமுக்குகிற மாதிரி இருந்தது. இரண்டு எழுத்துக்கு ஒரு எழுத்து விழவில்லை. நாலு நாள் போராடிவிட்டு அலமாரிக்கு மேலே போட்டேன். போட்ட காசு போனதுதான், அதை நினைத்து அடுத்த முடிவை எடுக்கக் கூடாது என்று பி.காமில் ஒரு பாடம் உண்டு. அதை மனைவிக்கு விளக்க முயன்றேன். வேண்டாத வேலை.

மெட்ரோவில் ஏறினேன். 2021 பிப்ரவரியில் மெட்ரோ விம்கோ நகர் வரை நீண்டதும், அடுத்த வருஷமே தேரடிக்கு ஒரு ஸ்டேஷன் வந்ததும் எங்களைப் போன்றவர்களுக்குப் பெரிய விமோசனம். மேலே ஓடுகிற வரைக்கும் மொட்டை மாடியும் தண்ணீர்த் தொட்டியும் தெரியும். புது வண்ணாரப்பேட்டை தாண்டினதும் ரயில் பூமிக்குள் இறங்கிவிடும். மண்ணடி, ஹைகோர்ட், சென்ட்ரல், கவர்ன்மென்ட் எஸ்டேட். இறங்கிக் கொஞ்சம் நடந்தால் ரிச்சி தெரு.

ரிச்சி தெருவில் கிடைக்காத எலெக்ட்ரானிக் சாமான் கிடையாது என்பார்கள். அதற்கு முன்னால், கேட்கத் தெரிய வேண்டும்.

“கீபோர்டு ஸ்விட்ச் வேணும்.”

“கீபோர்டா, ஸ்விட்சா? ஏதாவது ஒண்ணு சொல்லு சார்.”

அடுத்த கடையில் லைட் ஸ்விட்சைக் காட்டினார்கள். அதற்கடுத்த கடையில் கேசியோ கீபோர்டு ரிப்பேர் பண்ண ஆள் இருக்கிறார் என்றார்கள். நரசிங்கபுரம் தெரு, மீரான் சாகிப் தெரு என்று சுற்றி, கடைசியில் மாடிப்படி ஏறி ஒரு பொந்துக்குள் நுழைந்தேன். வீடியோ கேம் ஆடுகிறவர்களுக்கான கடை. கல்லாவில் இருந்த பையனுக்கு மீசை இப்போதுதான் எட்டிப் பார்க்கிறது. ஆனால் விஷய ஞானம்! கம்பராமாயணத்துக்கு உரை சொல்கிற மாதிரி சொன்னான்.

“நீலம் டிக்கிண்ணே. அழுத்த அறுபது கிராம் வேணும். பிரவுன்ல டிக் கிடையாது, ஒரு சின்ன மேடு விரல்ல தட்டும். ரெட்ல அதுவும் கிடையாது, வழவழன்னு நாப்பத்தஞ்சு கிராம்ல இறங்கிடும்.”

“அப்போ ரெட் குடு தம்பி.”

“உங்க பிரச்னை பக்கத்து வீடுதானே? ரெட்டும் சத்தம்தாண்ணே.”

விளக்கினான். எந்த நிறமானாலும் தண்டு மொத்தம் நாலு மில்லிமீட்டர் இறங்குகிறது. அடியில் போய் இடிக்கும்போது ஒரு ‘தட்’. ஸ்பிரிங் தள்ளி மேலே வந்து முட்டும்போது இன்னொரு ‘தட்’. என்னைப் போல் கார்பன் பேப்பர் அடி அடிக்கிறவனுக்கு ரெட் போட்டால், டிக் போய் தட் வரும். இதற்கென்றே ‘சைலன்ட்’ என்று ஒரு ரகம். தண்டின் மேலும் கீழும் குட்டி ரப்பர் மெத்தை வைத்திருக்கிறார்கள். போகும்போதும் மெத்தை, வரும்போதும் மெத்தை. செர்ரியின் பேடன்ட் முடிந்த பிறகு கேட்டெரான், அவுட்டெமு என்று சீனக் கம்பெனிகள் அதே அளவில் செய்வதால் விலையும் கைக்கடக்கம்.

அமுக்கிப் பார்த்தேன். சத்தம் என்று சொல்ல முடியாது. பூனை சோபாவிலிருந்து இறங்குகிற மாதிரி ஒரு ‘பொத்’.

சத்தத்தை விற்பது மட்டுமல்ல, சத்தமில்லாததை விற்பதும் பழைய வியாபாரம்தான். 1910-களிலேயே அமெரிக்காவில் ‘நாய்ஸ்லெஸ்’ என்ற டைப்ரைட்டர் வந்து, அப்புறம் ரெமிங்டன் கம்பெனியோடு சேர்ந்தது. எழுத்துக் கம்பி ஓங்கி வந்து அடிப்பதற்குப் பதிலாக, தாளை நெருங்கி வந்து அழுத்தும். எங்கள் இன்ஸ்டிடியூட் சார் அதில் ஒன்றைப் பார்த்திருந்தால் என் விரலும் பிழைத்திருக்கும், டிரெய்லர் அண்ணனும் பிழைத்திருப்பார்.

நூற்றுப்பத்து ஸ்விட்ச் வாங்கினேன். கீபோர்டில் கட்டை நூற்று நாலு, ஆறு சேதாரத்துக்கு. மூவாயிரத்துச் சொச்சம் ஆயிற்று. “உங்க போர்டு ஹாட் ஸ்வாப்பாண்ணே?” என்றான் பையன். அந்த ரகத்தில் ப்யூஸ் கேரியரைப் பிடுங்குகிற மாதிரி ஸ்விட்சைப் பிடுங்கிப் புதுசைச் செருகிவிடலாமாம். என்னுடையது அப்படியில்லை. ஒவ்வொன்றும் ஈயம் வைத்து ஒட்டியது. “அப்போ ஆண்டவன் துணை” என்று பில்லைக் கிழித்துக் கொடுத்தான்.

ஒரு ஸ்விட்சுக்கு இரண்டு கால். நூற்று நாலுக்கு இருநூற்று எட்டு. இருநூற்று எட்டு இடத்தில் ஈயத்தை உருக்கி உறிஞ்சி எடுக்க வேண்டும். அப்புறம் இருநூற்று எட்டு இடத்தில் வைக்க வேண்டும். எனக்குத் தெரிந்த ஒரே சால்டரிங், பள்ளிக்கூட எக்ஸிபிஷனில் சட்டையை ஓட்டை போட்டுக்கொண்டது. காலடிப்பேட்டையில் டி.வி. மெக்கானிக் அண்ணனிடம் கொண்டுபோனேன். டி.வி.யை யாரும் ரிப்பேர் பண்ணாத காலத்தில் அவர் மிக்ஸி பார்த்துக்கொண்டிருந்தார். போர்டைத் திருப்பிப் பார்த்தார். கண்ணில் ஒரு வெளிச்சம்.

“இருபது வருஷம் ஆச்சு தம்பி, இப்படி வரிசையா சால்டர் பாயின்ட்டைப் பார்த்து!”

அவர் உருக்க, நான் ஸ்பிரிங் பம்ப்பால் உறிஞ்ச. பம்ப் அமுக்குகிற ஒவ்வொரு தடவையும் அதுவும் ‘டக்’ என்று சத்தம் போட்டது, அது வேறு கதை. காயலில் கை நடுங்கக் கூடாது, ஒரே இடத்தில் மூன்று விநாடிக்கு மேல் வைக்கக் கூடாது. சூடு மிஞ்சினால் போர்டில் இருக்கிற செம்பு வட்டம் பெயர்ந்து வந்துவிடும். இதை அவர் எனக்குச் சொல்லி முடித்துவிட்டு டீ குடிக்கப் போனார். ‘நாமே ஒன்று பார்ப்போமே’ என்று காயலைக் கையில் எடுத்தேன்.

பெயர்ந்தது. எந்தக் கட்டை தெரியுமா? ‘ழ’.

நான் தமிழ்99 முறையில் அடிக்கிறவன். 1999-ல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டில் தீர்மானமான கட்டை வரிசை அது. உயிரெழுத்து இடது கைக்கு, மெய்யெழுத்து வலது கைக்கு. அதில் ‘ழ’ வலது மூலையில் கேள்விக்குறி இருக்கிற கட்டை. நூற்று நாலு கட்டையில் வேறு எதுவும் கிடைக்கவில்லையா எனக்கு? ‘ழ’ இல்லாமல் தமிழை எப்படி அடிப்பது? இரண்டு நாள் ‘தமிள்’ என்று அடித்துவிட்டு ஆசிரியருக்கு என்ன பதில் சொல்வது?

டீ குடித்துவிட்டு வந்தவர் என்னைப் பார்த்தார், போர்டைப் பார்த்தார். திட்டவில்லை. தலைமுடி மாதிரி ஒரு செம்புக் கம்பியை எடுத்து, பெயர்ந்த இடத்திலிருந்து பக்கத்துத் தடத்துக்கு ஒரு பாலம் போட்டார். “உன் தமிளுக்கு பைபாஸ் பண்ணிட்டேன்” என்றார். அவர் வாயில் ‘ழ’ எப்போதுமே வராது. ஆனால் அன்றைக்கு என் ‘ழ’வைப் பிழைக்க வைத்தவர் அவர்தான்.

மூன்று சாயங்காலம் பிடித்தது. கூலி கேட்டேன். ஐந்நூறு என்றார். எழுநூறு கொடுத்தேன், இருநூறைத் திருப்பிக் கொடுத்தார். கடைசியில் ஸ்பேஸ் பார் மட்டும் கடகடவென்று ஆடியது. நீளக் கட்டைகளுக்கு அடியில் ஒரு கம்பி உண்டு, அது கிண்ணத்தில் ஆடுகிற சத்தம். அதற்கு ஒரு பொட்டு கிரீஸ் வைத்தார். அடங்கியது.

அன்று ராத்திரி பத்து மணிக்கு உட்கார்ந்தேன். அடித்தேன். சத்தமில்லை. வேலையே செய்யாத மாதிரி ஒரு குற்ற உணர்ச்சி! நீல ஸ்விட்ச் கொடுத்த ரசீதுக்குப் பழகிய விரல், இரண்டு வாரம் வரைக்கும் ஒவ்வொரு எழுத்தையும் சந்தேகத்தோடுதான் அமுக்கியது. சும்மா சொல்லக் கூடாது, எழுதுகிற சுகத்தில் கால்வாசி போய்விட்டது. அதற்காக மாற்றாமல் இருந்திருக்கலாமா என்று கேட்காதீர்கள். எர்ணாவூர் பாலத்தில் ஏறிப் பார்த்துவிட்டு வந்து கேளுங்கள்.

நூற்று நாலில் ஒரே ஒரு நீல ஸ்விட்சை மட்டும் விட்டுவைத்திருக்கிறேன். ஸ்க்ரோல் லாக். மனித குலத்தில் யாரும் உபயோகிக்காத கட்டை. கட்டுரை முடிந்ததும், மறுநாள் காலை ஒன்பது மணிக்கு மேல், அதை ஒரு தடவை அமுக்குவேன். ‘டிக்’.

பத்து நாள் கழித்துத் தண்ணீர் பிடிக்கிற இடத்தில் அண்ணி கேட்டார். “ஏன் தம்பி, இப்பல்லாம் எழுதறதில்லையா? அவரு கேக்கச் சொன்னாரு. பத்திரிகையில நிறுத்திட்டாங்களான்னு.”

“இல்லண்ணி, எழுதறேன். சத்தம்தான் வராது. அண்ணன் தூங்கறாரா?”

“தூங்கறாராவா?” என்று அண்ணி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

அந்தச் சிரிப்புக்கு அர்த்தம் எனக்குத் தெரியும். என் டிக் டிக்கில் இத்தனை நாளாகக் காதில் விழாத ஒன்று இப்போது தினமும் ஒன்பதரை மணிக்கு ஆரம்பித்துவிடுகிறது. முதல் கியரில் முனகி, இரண்டாவதில் ஏறி, பத்தே காலுக்கெல்லாம் டாப் கியர். நடுவில் சில சமயம் திடீரென்று நின்றுவிடும். அடுத்தது எப்போது வரும் என்று விரலைக் கட்டை மேல் வைத்துக்கொண்டு காத்திருப்பேன். வந்துவிடும். நானும் அடுத்த பாராவை ஆரம்பிப்பேன். இரண்டரைக்கு அலாரம் அடிக்கிற வரை இப்படித்தான் போகிறது.

காதில் பஞ்சு வைத்துக்கொள்ளச் சொல்கிறாள் மனைவி. ஒரு பொட்டலம் பத்து ரூபாய்தானாம்.